ஆரஞ்சு ஆற்றங்கரைக் கூட்டுறவு ஒயின் ஆலையும் எங்கள் பதினான்கு குடும்பங்களும்

போன மார்ச்சில், பெங்களூர்ப் பக்கம் தொட்டபல்லாபூர் தாண்டி இருக்கிற மாமாவின் திராட்சைத் தோட்டத்தில் அறுவடை பாதி முடிந்திருந்தபோது இரண்டு நாள் விடாமல் கோடை மழை. பெங்களூர் புளூ தோல் கெட்டியான ரகம்தான், ஆனாலும் நன்றாகப் பழுத்த பிறகு தண்ணீர் பட்டால் கொத்திலிருந்து உதிர ஆரம்பித்துவிடும். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மார்க்கெட்டில் நானும் கூட நின்றேன். மண்டிக்காரர் மேல் கிரேட்டிலிருந்து ஒரு கொத்தைக் காம்பைப் பிடித்துத் தூக்கி ஒரு உதறு உதறினார். ஏழெட்டுப் பழம் சிமென்ட் தரையில் விழுந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, விலையைப் பாதியாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மாமா பேரம் பேசவில்லை. திருப்பி ஏற்றிக்கொண்டு போனால் வண்டி வாடகையும் சேர்ந்து போகும், பழம் சாயங்காலம் வரை தாங்காது.

அன்று மாலை அல்சூர் வீட்டில் காபி குடித்துக்கொண்டே மாமா கேட்டார்: "ஏம்மா, நீ சொசைட்டி கணக்கெல்லாம் பார்க்கிறவதானே, நாமளே பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து ஒரு ஒயின் ஃபேக்டரி போட்டா என்ன?"

நான் பதினெட்டு வருஷமாகக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவள். அதனால் உடனே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், நம்மைப் போன்ற நிலையிலிருந்து ஆரம்பித்து நிலைத்து நின்ற ஒரு சங்கத்தை எடுத்து முழுசாகப் படித்துவிட்டுப் பேசலாம் மாமா என்றேன். பிரான்ஸையோ இத்தாலியையோ எடுக்க எனக்கு விருப்பமில்லை. அங்கே பெயரே பாதி விலையைக் கொண்டுவந்துவிடும். வெயில் அதிகம், மழை கிடையாது, பழம் சாதாரணம், பெயரும் கிடையாது, ஆனால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற ஆலை வேண்டும் என்று தேடியதில் தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில் அப்பிங்டன் என்ற ஊரை மையமாக வைத்து இயங்கும் ஆரஞ்சு ரிவர் செல்லர்ஸ் கிடைத்தது. அந்த நாட்டின் மிகப் பெரிய கூட்டுறவு ஒயின் ஆலைகளில் அது ஒன்று. அதைப் பற்றிப் படித்ததும், மாமாவோடு சேர நினைத்த திராட்சைக்காரர்கள், எங்கள் பதினான்கு குடும்பங்கள், அவர்களோடு அதை வைத்து யோசித்ததும்தான் இந்த ஆய்வு.

தண்ணீர் முதலில் வந்தது

ஒயின் கதையாக இதைப் படிக்க ஆரம்பித்தேன், ஆனால் முதல் எண்பது வருஷக் கதை முழுக்க வாய்க்கால் கதைதான். அப்பிங்டனில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. வடக்கே கலஹாரி பாலைவனம், கோடையில் 40 டிகிரி என்பது சர்வ சாதாரணம். அந்த வறண்ட நிலத்தின் நடுவே, லெசோத்தோ மலைகளில் பிறந்து சுமார் 2,200 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிற ஆரஞ்சு ஆறு போகிறது. கரையை ஒட்டிப் பச்சை, அதைத் தாண்டினால் கல்லும் முள்ளும்.

1880-களில் அங்கே முதன்முதலாக ஆற்றிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் காட்டியவராக அப்பிங்டன் மக்கள் ஆப்ரகாம் செப்டம்பர் என்பவரைச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் அல்ல, எளிய மனிதர். அதைப் பார்த்து, அங்கே ஊழியம் செய்த பாதிரியார் கிறிஸ்டியான் ஷ்ரோடர் பெரிய வாய்க்கால் வெட்டும் வேலையை முன்னெடுத்தார். 1898-இல், வறட்சியாலும் மாட்டுக் கொள்ளைநோயாலும் எல்லாம் இழந்த வெள்ளை ஏழைகளுக்காக ஆற்றின் கீழ்ப்புறம் காகமாஸ் என்ற இடத்தில் திருச்சபையே ஒரு குடியேற்றத்தை அமைத்தது. கையால் கல் அடுக்கிக் கட்டிய வாய்க்கால்கள், வாய்க்காலிலிருந்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய நீர்ச்சக்கரங்கள் என்று அந்த ஊர் வளர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் பூகூபெர்க் அணை வந்தது. அப்புறம் 1970-களில் மேல்புறத்தில் காரீப் அணையும் வாண்டர்குளூஃப் அணையும் வந்த பிறகுதான் ஆற்றின் ஓட்டம் கொஞ்சமாவது நம்பக்கூடியதாயிற்று.

இதைப் படிக்கும்போது எனக்குக் கம்பம் பள்ளத்தாக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது, அம்மா வழி ஊர் அது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை இல்லாமல் இன்றைக்குக் கம்பத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் ஏது? 2023-இல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் பழத்தைப் பாராட்டினார்கள், சந்தோஷம்தான், ஆனால் மதகைத் திறந்து மூடுகிற ஆளையும் அன்றைக்கு நினைத்திருக்க வேண்டும்.

ஆரஞ்சு ஆற்றுப் பாசனத் திட்டங்களில் ஒரு எக்டேருக்கு ஆண்டுக்கு 15,000 கன மீட்டர் என்று ஒதுக்கீடு இருக்கிறது. நிலம் முழுக்க ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துகிற அளவு அது. வானத்திலிருந்து வருவதைப் போல ஏழு எட்டு மடங்கு. யார் எந்த நாள், எத்தனை மணி நேரம் மதகைத் திறக்கலாம் என்பதை விவசாயிகள் கூடி உட்கார்ந்து முடிவு செய்து, மீறினவரைத் தட்டிக் கேட்டு, வாய்க்கால் தூர்வாருவதற்குக் காசு வசூலித்துப் பழகியவர்கள் அவர்கள். 1965-இல் ஒயின் கூட்டுறவு தொடங்கியபோது, ஒருவரை ஒருவர் நம்புவதற்கான பயிற்சி இரண்டு தலைமுறையாக ஏற்கெனவே நடந்திருந்தது. என் வேலையில் நான் பார்த்து நொந்த சங்கங்களில் முக்கால்வாசி, கட்டடமும் இயந்திரமும் வந்த பிறகு நம்பிக்கையைத் தேட ஆரம்பித்தவை.

ஏன் ஐந்து ஆலைகள்

மேல்புறத்திலிருந்து கீழ்ப்புறமாகச் சொன்னால் குரோப்ளர்ஸ்ஹூப், குரூட்டிரிங்க், அப்பிங்டன், கைமூஸ், காகமாஸ் என்று ஐந்து ஊர்களில் இந்தச் சங்கம் ஆலைகளை வைத்தது. முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரே இடத்தில் பெரிதாகப் போட்டால் செலவு குறையுமே என்று மாமா கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் 40 டிகிரி வெயிலில் டிராக்டர் டிரெய்லரில் அடியில் நசுங்கிய பழம் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் ஆலைக்குப் போவதற்குள் தானாகவே நொதிக்க ஆரம்பித்துவிடும். பழம் நடக்கக்கூடிய தூரம் ரொம்பக் குறைவு. அதனால் ஆலை பழத்திடம் போக வேண்டியிருந்தது.

அங்கே விளைவது பெரும்பாலும் வெள்ளை ரகங்கள். கொலம்பார்டு, செனின் பிளாங்க், மஸ்கடெல், அப்புறம் சுல்தானா. கொலம்பார்டு எவ்வளவு வெயிலிலும் புளிப்பை இழக்காமல் நிற்கும், காய்ப்பும் அதிகம். புளிப்பு போய்விட்டால் ஒயின் சக்கரைத் தண்ணீர் மாதிரி சப்பென்று ஆகிவிடும் என்பதால் வெயில் பிரதேசத்துக்கு இது பெரிய வரம். ஆனாலும் இந்தக் கதையின் நாயகி என்று நான் நினைப்பது சுல்தானாதான்.

சுல்தானா என்றால் நமக்குத் தெரிந்த தாம்சன் விதையில்லாத் திராட்சை. விஜயபுராவிலும் சாங்கிலியிலும் பந்தல் பந்தலாக நிற்பது அதேதான். அதற்கு மூன்று வழி உண்டு. அப்படியே பழமாக விற்கலாம். காயவைத்துக் கிஸ்மிஸ் ஆக்கலாம். பிழிந்து ஒயினுக்கோ பிராந்திக்கோ சாற்றுக்கோ கொடுக்கலாம். தென்னாப்பிரிக்காவின் உலர் திராட்சையில் மிகப் பெரும்பகுதி இந்த ஆற்றங்கரையிலிருந்துதான் வருகிறது. ஆக ஒரே கொத்துக்கு மூன்று வாசல், எந்த வாசலுக்குள் நுழைவது என்பதை அந்த வருஷ விலையும் வானமும் தீர்மானிக்கும்.

கணக்கு இப்படிப் போகிறது. நாலு, நாலரை கிலோ பச்சைப் பழம் காய்ந்தால் ஒரு கிலோ கிஸ்மிஸ். அப்படியென்றால் கிஸ்மிஸ் விலை ஆலை கொடுக்கிற பழ விலையைப் போல நாலரை மடங்குக்கு மேலே இருந்து, காயவைக்கிற கூலியும் தேறினால்தான் களத்துக்குக் கொண்டுபோவது லாபம். குறைந்தால் ஆலை. காய்ந்துகொண்டிருக்கும்போது மழை மேகம் திரண்டுவிட்டால், அங்கே மழை வருவதே கோடைக் கடைசியில் சரியாக அறுவடை நேரத்தில்தான், கொடியில் மிச்சமிருப்பதை அவசர அவசரமாக வெட்டி ஆலைக்கு ஓட்ட வேண்டியதுதான். மார்க்கெட் தரையில் உதிர்ந்த அந்த ஏழெட்டுப் பழத்துக்கு அவர்களிடம் ஒரு வாசல் இருந்தது. மாமாவுக்கு இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வில் முக்கியமானது இந்த ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது.

ஆனால் ஆலையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது தலைவலி. உறுப்பினர் கொண்டுவருவதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது கூட்டுறவின் அடிப்படை. கிஸ்மிஸ் விலை ஏறிய வருஷம் தொட்டிகள் காலி, இறங்கிய வருஷம் வாசலில் டிராக்டர் வரிசை. எவ்வளவு வரும் என்று தெரியாமல் எத்தனை தொட்டி கட்டுவது? இதற்கு அவர்கள் கண்டுபிடித்த விடைகளில் ஒன்று, மிச்சமாகும் சாற்றைச் சுண்டவைத்து அடர்சாறாக விற்பது. அடர்சாறு கெடாது, பெயர் வேண்டாம், பானம் தயாரிப்பவர்களும் ஜாம் தயாரிப்பவர்களும் வாங்கிக்கொள்வார்கள். பாட்டிலில் பெயர் போட்டு விற்கும் ஒயினுக்குக் கிடைக்கிற மரியாதை இதற்குக் கிடையாது. சங்கம் மூச்சு விடுவதற்கு இடம் கொடுத்தது இதுதான்.

காசு எப்படி வருகிறது

நம் ஊர்ப் பால் சொசைட்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சொசைட்டியில் பாலை ஊற்றியதும் லாக்டோமீட்டர் விட்டு டிகிரி பார்ப்பார்கள் அல்லவா, அது மாதிரி ஆலை வாசலில் எடைமேடையில் டிரெய்லர் ஏறியதும் சாற்றின் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள். பாலிங் என்பது அங்கே அதற்கு அளவு. பழம் அழுகலா, எந்த ரகம், எந்த நாளில் வெட்டச் சொன்னோம், எந்த நாளில் வந்தது என்பதும் சேரும்.

ஆனால் பாலுக்குப் பத்து நாளில் பட்டுவாடா. ஒயின் கூட்டுறவில் அது நடக்காது. எல்லாருடைய பழமும் வகைவாரியாக ஒரே தொட்டியில் கலந்து, ஒயினாகி, விற்றுத் தீர மாதக்கணக்கு ஆகும். தென்னாப்பிரிக்கக் கூட்டுறவு ஆலைகளில் நடைமுறை என்னவென்றால் முதலில் ஒரு முன்பணம், அப்புறம் விற்க விற்கத் தவணை தவணையாக, கடைசியில் செலவு கழித்து மீதி. இந்த வருஷம் கொடுத்த பழத்தின் முழு விலை அடுத்த வருஷ அறுவடையின்போதுதான் தெரியும். எங்கள் பதினான்கு குடும்பங்களில் எத்தனை பேரால் அப்படிக் காத்திருக்க முடியும் என்று கேட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடக் கட்டணம் ஜூனில் கட்ட வேண்டும், கவாத்துக் கூலி அன்றன்றைக்கே கொடுக்க வேண்டும். அப்படிக் காத்திருக்க முடியாதவர்தான் மறுபடி மண்டிக்காரரிடம் போவார். சங்கத்துக்குப் பழம் குறையும், ஆலை ஓடாது. நான் தணிக்கை செய்த ஒரு சங்கம் இப்படித்தான், ஒரு ரூபாய்கூடத் திருட்டுப் போகாமல், உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பின்கதவு வழியே வெளியில் விற்றே மூடப்பட்டது.

முட்டுக்கொடுத்த கை போனபோது

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆரஞ்சு ஆற்றுச் சங்கம் பிறந்தபோது தென்னாப்பிரிக்காவில் ஒயின் சந்தை திறந்த சந்தையாக இல்லை. 1918-இல் தொடங்கிய கே.டபிள்யூ.வி. என்ற பெரிய கூட்டுறவுக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது. குறைந்தபட்ச விலையை அது நிர்ணயித்தது, மிச்சமானதை வாங்கிக் காய்ச்சி பிராந்திக்கு அனுப்பியது, 1957 முதல் யார் எவ்வளவு விளைவிக்கலாம் என்றும் ஒதுக்கீடு வைத்தது. விற்காது என்ற பயம் இல்லாத காலம் அது. 1992-இல் ஒதுக்கீடு போயிற்று, 1997-இல் கே.டபிள்யூ.வி. கம்பெனியாக மாறிற்று. அதற்குப் பிறகு கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தள்ளி, விலை மலிவான வெள்ளை ஒயின் தயாரிக்கிற ஒரு சங்கம் தானாக நிற்க வேண்டியிருந்தது. நின்றது.

இன்னொன்று, அந்தச் சங்கத்தின் பங்குகளை யார் வைத்திருந்தார்கள் என்பது. காகமாஸ் குடியேற்றம் வெள்ளையர்களுக்கு மட்டும். முதல் வாய்க்காலைக் காட்டியவருடைய மக்கள் பெரும்பாலும் கூலிகளாகவே இருந்தார்கள். அந்த நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மலிவு ஒயினாகவே ஊற்றிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் குடியில் தள்ளியது, பிறந்த குழந்தைகள் வரை பாதித்தது. கூட்டுறவு என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நின்று பழம் வெட்டுகிறார்கள் என்று பார்க்காமல் இந்தக் கதையைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. கைமூஸுக்குக் கீழே ஆற்றுத் தீவுகளில் எக்ஸ்டீன்ஸ்குயில் என்ற இடத்தில் வெள்ளையரல்லாத சிறு விவசாயிகள் பிற்பாடு தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வைத்து, நியாய வணிக (ஃபேர்டிரேட்) சான்றோடு கிஸ்மிஸ் ஏற்றுமதி செய்தார்கள். மாமாவின் நண்பர்களுக்கு நான் முதலில் காட்ட நினைத்தது இவர்களைத்தான், அளவிலும் எங்களுக்கு இவர்களே பக்கம்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வரி. 1988-இலும் 2011-இலும் ஆறு கரை மீறிப் பந்தல்களைப் பெயர்த்துக்கொண்டு போனது. தண்ணீரை நம்பிக் கரையோரம் நட்டவர்களுக்கு அந்தத் தண்ணீரே அப்படியும் வரும்.

பெங்களூரில்

2007-இல் கர்நாடக அரசு ஒயின் கொள்கை கொண்டுவந்ததும் இந்தப் பக்கம் ஒரு ஆசை அலை அடித்தது. மாமாவும் ஒன்றரை ஏக்கரில் ஷிராஸ் என்ற ஒயின் திராட்சை நட்டார். ஒப்பந்தம் போட்ட ஆலை மூன்றாவது வருஷம் தொட்டி நிறைந்துவிட்டது என்று சொல்லி வெட்ட வரவில்லை. பழம் கொடியிலேயே சுருங்கியது. அடுத்த மாதமே அத்தை முன்னால் நின்று ஆள் வைத்துப் பிடுங்கச் சொன்னார். அந்தக் கல் தூண்கள் இன்னும் வேலியோரம் கிடக்கின்றன. கேட்டால் மாமா இன்றைக்கும் அந்த ஆலையைத் திட்டுவதில்லை. "அவனுக்கு நான் மெம்பர் இல்லையேம்மா" என்பார். அப்பிங்டன் ஆலையும் தொட்டி நிறைந்த வருஷங்களைப் பார்த்ததுதான், ஆனால் வாசலில் நிற்கிறவர் அங்கே முதலாளிகளில் ஒருவர்.

இன்னொரு விஷயம் எங்கள் கூட்டத்தில் பலருக்குத் தெரியாமல் இருந்தது. பெங்களூரில் தெருவுக்குத் தெரு பார்க்கிற ஹாப்காம்ஸ் கடை, தினமும் நாம் வாழைப்பழமும் கீரையும் வாங்குகிற அதே கடை, 1959-இல் தோட்டக்கலை நிபுணர் எம்.எச். மரிகவுடாவின் முயற்சியில் தொடங்கியபோது அதன் பெயர் பெங்களூர் திராட்சை விவசாயிகள் கூட்டுறவு விற்பனை மற்றும் பதப்படுத்தும் சங்கம். அப்பிங்டன் சங்கத்துக்கு ஆறு வருஷம் மூத்தது! இரண்டும் திராட்சையில் பிறந்தவை. அது ஆற்றோடு ஐந்து ஆலைகளாகப் பரவியது, இது நகரத்தோடு எல்லாப் பழமும் காய்கறியும் விற்கும் கடைகளாகப் பரவியது. நகரத்துக்குள் வாங்குகிற வாய்கள் இருந்ததால் இங்கே பழமாக விற்பது சரியான முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பெயரில் இருந்த "பதப்படுத்தும்" என்ற சொல் இன்னும் எங்கள் வேலையாக மிச்சமிருக்கிறது.

மாமாவின் ஆசைக்கு என் பதில் இது. ஒயின் ஆலை இப்போது வேண்டாம். கலால் உரிமம், பாட்டில், கடை அலமாரி, வருஷக்கணக்கில் காத்திருக்கும் பணம், எதையும் பதினான்கு குடும்பங்கள் தாங்காது. பெங்களூர் புளூவில் விதை உண்டு, கிஸ்மிஸும் ஆகாது. ஆனால் அதன் வாசனையும் நிறமும் சாற்றுக்கு அருமை. முதல் வாசலான பழம் அப்படியே இருக்கட்டும். உதிர்ந்ததற்கும் மழை பட்டதற்கும் இரண்டாவது வாசலாகச் சாறு. சொந்தமாக இயந்திரம் வாங்காமல், ஏற்கெனவே சாறு பிழிகிற ஒரு இடத்தில் கூலிக்குப் பிழியக் கேட்கலாம், சர்க்கரை அளவு பார்த்துப் பணம் பிரிக்கலாம், முதல் வருஷம் பத்து நாளில் பாதிப் பணம் கொடுக்க முடிகிற அளவுக்கு மட்டும் பழம் எடுக்கலாம்.

சொல்லி முடித்ததும் மாமா உள்ளே போய்ச் சாற்றின் சர்க்கரை அளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துவந்தார். ஷிராஸ் காலத்தில் வாங்கியது, உறை கிழிந்திருக்கிறது. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கண்ணாடி மேல் நசுக்கி, மூடியை அழுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "பதினேழு" என்றார். கருவி கைமாறிக் கைமாறிக் கூடம் முழுக்கச் சுற்றியது. ஒருவர் பதினாறரை என்றார், இன்னொருவர் பதினேழேதான் என்றார், யார் சொல்வதை எழுதுவது என்று ஒரு சின்ன வாக்குவாதம். அதிலேயே முதல் விதியும் வந்தது: அளவு பார்க்கிறவர் அன்றைக்குப் பழம் கொண்டுவந்தவராக இருக்கக் கூடாது.

அடுத்த அறுவடை பிப்ரவரியில். அதற்குள் போன மூன்று வருஷத்தில் யார் யாருக்கு எத்தனை கிலோ மண்டியில் பாதி விலைக்குப் போனது என்ற கணக்கு எனக்கு வேண்டும். இதுவரை ஒன்பது வீட்டிலிருந்து வந்திருக்கிறது.